அண்ணன்மேல் போடாத வழக்கு

பெரியப்பா மகன்மீது சிவில் வழக்குப் போடுவதற்குக் கோபம் மட்டும் போதாது. பதினான்கு காகிதங்கள் வேண்டும். இந்த உண்மை எனக்கு ஐம்பத்தோராவது வயதில்தான் தெரிந்தது. அதுவரை வழக்கு என்பது கோபக்காரர்கள் செய்கிற காரியம் என்று நினைத்திருந்தேன். இல்லை. அது ஜெராக்ஸ் கடையில் வரிசையில் நிற்கப் பொறுமை உள்ளவர்கள் செய்கிற காரியம். கோபம் மூன்றாவது காகிதத்திலேயே ஆறிவிடுகிறது. மிச்சம் பதினொன்றையும் ஆறின கோபத்தை வைத்துக்கொண்டுதான் சேர்க்க வேண்டும்.

விஷயம் இதுதான். நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் நூலகர். ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு முந்திரித் தோப்பும் அதற்குள் ஓர் ஓட்டு வீடும் உண்டு. தோப்பு முழுவதும் ஒருகாலத்தில் பெரியப்பாவுடையது. பின்பாதியை அப்பா அவரிடமிருந்து கிரயம் வாங்கினார். இரண்டு பேரும் இப்போது இல்லை. ரோட்டை ஒட்டிய முன்பாதியில் பெரியப்பா மகன் இருக்கிறார். எனக்கு ஏழு வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பின்பாதி வீட்டில் அம்மா. எங்கள் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அண்ணன் நிலத்தின் கீழ்புறமாகப் போகிற வண்டித்தடத்தில்தான் போக வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதுதான் வழி. அதற்குச் சீட்டு எதுவும் இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் கொட்டை பொறுக்கும் சமயத்தில் ஒரு சனிக்கிழமை, புதிதாக வாங்கிய என்னுடைய பழைய காரில் அம்மாவைப் பார்க்கப் போனேன். தடத்தில் பாதியை அடைத்து அண்ணன் முந்திரிக்கொட்டை காயப்போட்டிருந்தார். ஒதுங்கிப் போய்விடலாம் என்று நான் நினைத்தேன். கார் வேறு மாதிரி நினைத்தது. ஒரு பக்கத்துச் சக்கரம் இரண்டும் கொட்டைமேல் ஏறி இறங்கின. சடசடவென்று சத்தம். அப்போது இறங்கி ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் எனக்கு வாய் என்று ஒன்று இருக்கிறது.

"கொட்டை ஒடைக்க ஆளே கெடைக்கலன்னு பொலம்பிட்டு இருந்தீங்களே அண்ணே, இந்தா, கூலி வாங்காம ஒடச்சுக் குடுத்துட்டேன்" என்றேன்.

கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஐந்தாறு பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. என்னுடைய நகைச்சுவைக்கு அன்று கிடைத்த வரவேற்பில் நான் அதைக் கவனிக்கவும் இல்லை. அடுத்த வாரம் போனபோது தடத்தின் வாயில் கல்லுக்கால் நட்டு, முள்கம்பி இழுத்து, ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு மட்டும் சந்து விட்டிருந்தார்.

அம்மா அப்போது நடமாட்டத்தோடு இருந்ததால் அந்தச் சந்து போதுமானதாக இருந்தது. காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நானும் நடந்து போனேன். உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டேன். கார்த்திகை மாதம் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பெரம்பலூரில் ஆபரேஷன் செய்து எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வாக்கர் பிடித்துக்கொண்டு சமதரையில் நடக்கலாம், மணலில் கால் வைக்கவே கூடாது என்றார் டாக்டர். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டு வாசல்வரை முந்நூறு அடிக்குக் குறையாத மணல்.

எங்கள் வாடகை வீடு முதல் மாடியில். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்று சொன்னால் ரொம்ப மரியாதையாகச் சொல்கிறேன் என்று அர்த்தம்.

"இது வூடாடா? பொட்டிடா. மண்ணுன்னு ஒண்ணு கண்ணுல பட மாட்டேங்குது. வெத்தல போட்டாத் துப்பக்கூட எடமில்ல" என்பார். என் மனைவி ஒரு பழைய டப்பாவை எடுத்து வந்து கட்டிலுக்குக் கீழே வைத்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் வெற்றிலை போடவில்லை.

தை பிறந்ததும் அது இன்னும் தீவிரமாயிற்று. "பூ எடுத்துருக்கும். கொட்டை வுழறதுக்குள்ள என்னைக் கொண்டுபோயி வுட்டுடு. அங்க ஒரு நாளு இருந்து செத்தாலும் எனக்குத் தேவலை" என்று காலையில் காப்பி குடிக்கும்போது ஆரம்பிப்பார். என் மனைவி, "அத்தை, நாங்க என்ன வேணாம்னா சொல்றோம்? ஒங்க புள்ளையோட வாய்தான் வழியை அடைச்சு வெச்சிருக்கு" என்பாள். இரண்டு பேரும் ஒரே கட்சியில் இருக்கும் அபூர்வமான நேரம் அது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "அம்மாவுக்காக ஒரு பத்தடி தெறந்து வுடுங்கண்ணே. கார் வாசல்வரைக்கும் போனாப் போதும்."

"சித்திக்குன்னா நானே நாற்காலில வெச்சுத் தூக்கிட்டுப் போயி வுடுறேன். காருக்கு வழி கெடையாது" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். "என்னை நாலு பேரு தூக்குற நாளு வரும். அப்பத் தூக்கிக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்படித்தான் நான் ஜெயங்கொண்டத்தில், மாடியில் அலுவலகம் வைத்திருந்த ஒரு பெண் வக்கீல் முன்னால் போய் உட்கார்ந்தேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போகும்போது நீதிமன்றத்தில் நான் பேசப்போகிற வசனங்களை மனதுக்குள் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டு போனேன். வாதி பேசவே வேண்டியதில்லை, காகிதம்தான் பேசும் என்று அந்த வக்கீல் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"வேற பக்கமா வீட்டுக்கு வழி இருக்கா சார்?" என்று கேட்டார்.

"இல்லைங்க மேடம். மேல்புறம் நான் வெச்ச குறுங்காடு இருக்கு. அதுல பூனைகூட நுழைய முடியாது" என்றேன், பெருமையோடு.

"அது யாரு எடம்?"

"சும்மா கெடந்த துண்டுங்க. எங்கப்பா வைக்கப்போர் போடுவாரு. பெரியப்பா வூட்டுலயும் ஒண்ணும் சொன்னதில்ல."

அவர் 'மரங்கள்' என்று குறித்துக்கொண்டார். நிலத்துக்கு இன்னும் கூட்டுப் பட்டாதான். அண்ணன் பேரும் அப்பா பேரும் சேர்ந்தே இருக்கிறது. அதனால் சர்வே வரைபடத்தில் தோப்பு முழுவதும் ஒரே சதுரமாகத் தெரியும். எது யாருடையது என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பத்திரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பட்டியல் போட்டுக் கொடுத்தது வக்கீலின் குமாஸ்தா. அறுபதை நெருங்குகிற மனிதர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, எதைப் படிப்பதாக இருந்தாலும் கண்ணாடி இல்லாமலேயே படிப்பார். அந்தக் கண்ணாடி எதற்கு என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கிரயப் பத்திரம் அசல், பட்டா, சிட்டா, வரைபடம், வில்லங்கச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வேலியின் போட்டோ நாலு கோணத்தில், ஆதார் நகல் என்று சொல்லிக்கொண்டே போனார். "எல்லாத்துலயும் மூணு செட்டு. கோர்ட்டுக்கு ஒண்ணு, எதிராளிக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு" என்றார். எதிராளி என்று அவர் சொன்னபோது யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆளைச் சொல்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நீச்சல் தெரியாத என்னைக் கிணற்றிலிருந்து சட்டையைப் பிடித்துத் தூக்கிப் போட்ட அண்ணன்தான் அந்த எதிராளி என்று புரிய இரண்டு நிமிடம் ஆயிற்று.

காகிதம் சேர்ப்பதில் எனக்கு ஒரு திறமை உண்டு என்று தெரிந்தது அந்த இரண்டு மாதத்தில்தான். ஃபைலுக்கு உள்ளே வண்ணச் சீட்டு ஒட்டி, பொருளடக்கம் எழுதி, வரிசை எண் போட்டேன். கல்லூரி நூலகத்தை இத்தனை அக்கறையோடு நான் பராமரித்திருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். மனைவி ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம கல்யாண ஆல்பம்கூட இவ்வளவு ஒழுங்கா இல்லைங்க" என்றாள்.

முதலில் வக்கீல் நோட்டீஸ் போயிற்று. அது கிடைத்த அன்று மாலையே அண்ணன் போன் செய்தார். கத்தவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"நோட்டீஸ் வந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். "ஒங்கப்பன் பத்திரத்தைப் படிச்சுட்டு வாடா. அப்பறம் பேசலாம்."

எட்டாம் வகுப்போடு நின்றவர், புத்தகங்களுக்கு நடுவிலேயே சம்பளம் வாங்குகிற என்னைப் பார்த்துப் படித்துவிட்டு வா என்கிறார்! எனக்கு ஆறியிருந்த கோபம் மறுபடி சூடாயிற்று. பத்திரத்தை எடுத்துப் படித்தேன். நாலு எல்லையும் இருந்தது, பரப்பளவு இருந்தது, கிணற்றில் பங்கு இருந்தது. பாதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவர் சும்மா மிரட்டுகிறார் என்று முடிவு கட்டினேன். அந்தக் காலத்துப் பத்திர நடையில் ஒரு வாக்கியம் முடிவதற்கு ஒன்றரைப் பக்கம் ஆகும். நடுவில் ஒரு சில வரிகள் காணாமல் போனாலும் வாக்கியம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே எனக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை.

மாசிக் கடைசியில் பிராது தயாராயிற்று. வழக்கில் நம் தரப்பை எழுதித் தாக்கல் செய்கிறோமே, அதற்குப் பிராது என்று பெயர். ஒன்பது பக்கம். அதில் என்னை 'வாதி' என்று குறிப்பிட்டிருந்தார்கள். வாதி அமைதியான சுபாவமுள்ளவர் என்றும் பிரதிவாதி எந்தக் காரணமும் இல்லாமல் வேலி அடைத்துவிட்டார் என்றும் இருந்தது. கொட்டைமேல் கார் ஏறியதைப் பற்றி ஒன்றும் இல்லை. நான்தான் வக்கீலிடம் சொல்லவில்லையே. ஏழாவது பக்கத்தில், மேற்படி தடத்தைத் தவிர வாதியின் வீட்டுக்குப் போக வேறு வழியே கிடையாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கடைசியில், மேலே சொன்னவை யாவும் எனக்குத் தெரிந்தவரை உண்மை என்று ஒரு பத்தி. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். வக்காலத்தில் ஒன்று. உறுதிமொழிப் பத்திரத்தில் ஒன்று. என் கையெழுத்து பக்கத்துக்குப் பக்கம் கம்பீரமாகிக்கொண்டே போனது.

குமாஸ்தா எல்லாவற்றையும் அடுக்கி, ஓரத்தில் தட்டிச் சீராக்கி, கோணி ஊசியில் வெள்ளை நூல் கோத்துத் தைக்க ஆரம்பித்தார். பாதி தைத்தபோது கையை நீட்டினார்.

"அசல் பத்திரத்தைக் குடுங்க சார், ஒருதடவ சரிபாத்துடறேன்."

கொடுத்தேன். அவர் வாங்கி, கையில் எடை பார்ப்பதுபோல் ஆட்டினார். அது டப் டப் என்று தட்டு மாதிரி சத்தம் போட்டது.

"இது என்ன சார்?"

"பத்திரம்தாங்க. லேமினேட் பண்ணியிருக்கேன்."

இதற்கு ஒரு விளக்கம் தேவை. எங்கள் பக்கத்தில் ஒரு காகிதம் முக்கியமானது என்று தெரிந்தால் அதை பிளாஸ்டிக்கில் அடைக்காமல் தூக்கம் வராது. சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், தடுப்பூசிச் சீட்டு எல்லாமே வீட்டுக்கு வீடு பளபளவென்று இருக்கும். நூலகத்தில் அடையாள அட்டைகளுக்கு லேமினேட் போட்டுப் போட்டு எனக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் முற்றியிருந்தது. அப்பா இறந்த பிறகு அவர் டிரங்குப் பெட்டியில் பூச்சி அரிக்க ஆரம்பித்திருந்த பத்திரத்தைப் பார்த்ததும் நேராகப் பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன். "நல்ல வேளை, என்னை லேமினேட் பண்ணாம வுட்டீங்க" என்று அப்போதே மனைவி சொன்னாள்.

குமாஸ்தா என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஜட்ஜ் ஐயா இதுல சான்றாவண முத்திரை போடணும். பிளாஸ்டிக்ல எங்க போடுவாரு? மை ஒட்டுமா?"

"பிரிச்சுடலாங்களா?"

"பிரிச்சா பாலாடை மாதிரி பேப்பரும் கூடவே வரும்." தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கீழ என்னமோ மடிச்சிருக்கே?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பழைய முத்திரைத்தாள் நீளமானது. கடைக்காரப் பெண் பிளாஸ்டிக் உறையை வைத்து அளந்துவிட்டு, "சார், கீழ கொஞ்சம் நீட்டிக்கிட்டு நிக்குது. உள்பக்கமா மடிச்சுடவா?" என்று கேட்டாள். நான் செல்போனில் யாருக்கோ ஒரு புத்தகத்தின் சிறப்பை விளக்கிக்கொண்டிருந்தேன். "மடிங்க, மடிங்க. கீழ வெறும் கையெழுத்துதானே இருக்கும்" என்று கையை ஆட்டினேன். மூன்று தாளையும் அவள் அப்படியே மடித்து மெஷினுக்குள் அனுப்பினாள். உள்பக்கமாக நாலு விரற்கடை மடித்தால், மடித்த பாகமும் மறையும், அது படிந்திருக்கும் பாகமும் மறையும். பிளாஸ்டிக்கின் வழியாகப் பார்த்தால் தாளின் வெறும் பின்பக்கம்தான் தெரியும். நான் அதை வெற்றிடம் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"போயி சார்பதிவாளர் ஆபீஸ்ல நகல் மனு போடுங்க. அதுவரைக்கும் இது இப்படியே கெடக்கட்டும்" என்று குமாஸ்தா ஊசியைத் தாளிலேயே குத்தி நிறுத்தினார்.

மனுப் போட்டேன். சொன்ன நாளில் நகல் கிடைத்தது. வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றபடி படித்தேன். சொத்து விவரம் மூன்றாவது தாளில். கிணற்றுப் பங்கு வரைக்கும் எனக்கு மனப்பாடம். அதற்குக் கீழே, நான் இதுவரை பார்க்காத வரிகள். இந்த நிலத்தோடு, மேல்புறத்தில் தென்வடலாகக் கப்பி ரோடு வரையில் போகிற பத்தடி அகலமுள்ள துண்டும் வண்டிப்பாதைக்காக இதே கிரயத்தில் சேர்ந்தது என்று, ஓர் ஆசாரமான கையெழுத்தில், கால் வாங்கிக் கொம்பு போட்டு எழுதியிருந்தது.

திரும்பவும் படித்தேன். மேல்புறம். பத்தடி அகலம். ரோடு வரையில்.

என் குறுங்காடு.

அந்தக் காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் எனக்குப் பசுமைமேல் பெரும் பற்று வந்தது. நெருக்கமாக நட்டால் மரங்கள் போட்டி போட்டு வளரும் என்று எங்கோ படித்துவிட்டு, வைக்கோல் போர் இருந்த அந்தத் துண்டில் நாவல், புங்கன், மகிழம், நீர்மருது என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒரு முழத்துக்கு ஒன்றாக நட்டேன். திறப்பு விழா வைத்தேன். பந்தல், மைக்செட், கல்லூரியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். ஒரு சிற்றிதழில் கட்டுரையும் எழுதினேன். மனிதன் போட்ட பாதைகள் எல்லாம் ஒருநாள் காட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று அதை முடித்திருந்தேன். பாதை திரும்பித்தான் இருந்தது. அது என் பாதை என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஏழாவது பக்கம்தான் கண்முன் வந்தது. வேறு வழியே கிடையாது என்று ஒன்பது பக்கத்தில் ஒன்பது கையெழுத்துப் போட்டிருக்கிறேனே! அப்புறம், அது இன்னும் மாடியில் ஊசி குத்தியபடிதான் கிடக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. தாக்கல் ஆகவில்லை. யாரும் படிக்கவில்லை. பக்கத்திலிருந்த டீக்கடையில் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். அது தொண்டையில் இறங்கும்போது இரண்டு மாதமாகத் தோள்மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. இன்னொரு டீ சொன்னேன்.

வக்கீல் நகலைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "சார், தப்பிச்சீங்க. இதை நாம போட்டிருந்தா, எதிர்த்தரப்பு இதே நகலை வாங்கி நீட்டியிருப்பாங்க. பாதை இல்லைன்னு சத்தியம் பண்ணிட்டு, அந்தப் பாதையில காடு வளத்தவருன்னு ஒங்களைக் கூண்டுல நிக்க வெச்சுக் கேட்டிருப்பாங்க. நானும் பக்கத்துல நின்னிருக்கணும்" என்றார். கடைசி வாக்கியத்தில்தான் அவருக்கு உண்மையான நிம்மதி இருந்தது.

குமாஸ்தா பிராதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கண்ணாடியை முதன்முறையாக நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி, தைத்த நூலை ஒவ்வொரு தையலாக நிதானமாகப் பிரித்தார். நூலைச் சுருட்டி மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். பிராதை என்னிடம் நீட்டினார்.

"கிழிச்சுடுங்க சார். கையெழுத்து இருக்குற பேப்பரு, வெச்சுக்கக் கூடாது."

அங்கேயே கிழித்தேன். ஒன்பது பக்கத்தையும் சேர்த்துக் கிழிக்க வலு பத்தவில்லை; மூன்று மூன்றாகக் கிழித்தேன்.

அன்றே ஆண்டிமடம் பஸ் ஏறினேன். அண்ணன் வேலிக்கு உள்ளே மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார். சந்து வழியாக ஒருக்களித்து நுழைந்து, நகலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"படிச்சிட்டியா?"

"படிச்சேங்கண்ணே."

"எங்கப்பா சாவறதுக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லிட்டாரு. மேல்புறம் பத்தடி சித்தப்பனுக்கு எழுதிக் குடுத்தாச்சு, அதுல நீ கை வைக்கக் கூடாதுன்னு. நான் வெச்சனா?"

"இல்லைங்கண்ணே. ஆனா நான் காடு வெக்கிறப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ எங்க கேட்ட? பந்தல் போட்டு மைக்குல பேசிட்டு இருந்த. நடுவுல வந்து, தம்பி இது ஒன் பாதைடான்னு நான் மைக்கப் புடுங்கிச் சொல்லணுமா?" காம்பைத் தரையில் தட்டி இறுக்கினார். "சரி, எடம் உன்னுது, என்னமோ பண்ணுறான்னு வுட்டேன். கீழ்புறத் தடம் சும்மா வுட்டிருந்ததுதான். சித்தப்பனும் எங்கப்பாவும் ஒண்ணா இருந்தாங்க, வுட்டாங்க. நாமளும் அப்படியே போயிருக்கலாம். நீதான் ஆளுங்க முன்னாடி என்னைச் சிரிப்பாச் சிரிக்க வெச்ச."

எனக்கு அப்போது சொல்வதற்கு வேடிக்கையாக இரண்டு பதில்கள் தோன்றின. இரண்டையும் விழுங்கினேன். "தப்புதாங்கண்ணே" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே சின்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அண்ணன் மண்வெட்டியைத் தூக்கிக் காம்பு ஆடுகிறதா என்று பார்த்தார்.

"சித்தி எப்புடி இருக்கு?"

"வரணும்னு நிக்கிதுங்க."

"ஞாயித்துக்கிழமை வா. மீன்சுருட்டில ஒருத்தன் ஜே.சி.பி வெச்சிருக்கான், சொல்லி வைக்கிறேன். பூனை நொழையாத காட்டுல பூந்துதான் பாப்பமே."

வக்கீலிடம் நான் சொன்ன பூனை எப்படி இவர் காது வரைக்கும் வந்தது என்று யோசித்தேன். பிறகுதான், அதே பூனையை விழா மைக்கிலும் விட்டிருந்தேன் என்று ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தார்கள். கட்டுரையாளன் என்ற முறையில் நான் ஒரு மகிழமரத்தையாவது காப்பாற்றலாம் என்று அதன் முன்னால் போய் நின்றேன். "அது நட்டநடுப் பாதைல நிக்குது. தள்ளு" என்றார் அண்ணன். தள்ளினேன். ஓரத்தில் இருந்த நாலு புங்கன்களை மட்டும் விட்டார்கள். அதுவும் என் வேண்டுகோளால் அல்ல, நிழலுக்கு ஆகும் என்று அண்ணி சொன்னதால். அண்ணி விறகையெல்லாம் ஒதுக்கிக் கட்டிக்கொண்டே, "எங்க கொழுந்தனாரு காட்டுக்குத் தண்ணி ஊத்துனதெல்லாம் எங்க அடுப்புக்கு ஊத்துனதுதான்" என்றார். ஜே.சி.பி டிரைவர் சிரித்தார். இம்முறை நானும் சிரித்தேன்.

மதியத்துக்குள் ரோடு தெரிந்தது. கிராவல் இரண்டு லோடு கொட்டிச் சமன் செய்தோம். கீழ்புறத்து வேலியை அண்ணன் பிரிக்கவில்லை. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும். நீ கார் ஓட்டுறதை நான் கண்ணால பாத்தவன்" என்றார்.

பங்குனி இரண்டாவது வாரம் அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனேன். அரியலூர் தாண்டியதும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார். ரோட்டோர முந்திரிகளில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருந்தது. தோப்பு வந்ததும் மேல்புறம் வண்டியைத் திருப்பினேன். அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி, "வா, வா, ஒடிக்காத, நேரா வா" என்று கையைக் காட்டிக்கொண்டே வந்தார். பத்தடிதான். இரண்டு பக்கமும் அரையடிதான் மிச்சம் என்பதுபோல் எனக்கு வியர்த்தது.

"இங்க என்னமோ காடு வெச்சிருந்தியே?" என்றார் அம்மா.

"வெட்டியாச்சும்மா."

"நல்லதாப் போச்சு. பாம்பு வருமேன்னு ராவெல்லாம் பயந்துட்டுக் கெடப்பேன். நீ ஆசையா வெச்சியேன்னு சொல்லல."

கார் வாசற்படிக்கு மூன்றடி தள்ளி நின்றது. மனைவி வாக்கரைப் பிரித்து வைத்தாள். அண்ணன் கையைப் பிடிக்க வந்தார். அம்மா அவர் கையை ஒரு தட்டுத் தட்டி, "தூக்குறேன்னியாமே? தூக்கு, பாப்பம்" என்றார். "இல்ல சித்தி, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று அண்ணன் பின்வாங்கினார். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு மூன்றடியையும் தானே நடந்து, சிமெண்ட் வாசலில் ஏறி, கதவுக்கு முன்னால் நின்றார். நான் பூட்டைத் திறந்தேன். நாலு மாதம் மூடியிருந்த வீட்டின் வாசனை முகத்தில் அடித்தது.

அம்மா உள்ளே போகவில்லை. முதலில் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"தண்ணி இல்லடா. மோட்டாரைப் போட்டுட்டு நீங்க கெளம்புங்க. இருட்டறதுக்குள்ள பெரம்பலூர் போயி சேரணும், லாரி வரும்."

மோட்டாரைப் போட்டேன். குழாயில் முதலில் காற்று வந்தது, அப்புறம் செம்மண் கலந்த தண்ணீர், அப்புறம் தெளிந்தது. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, உட்காருங்கள் என்றேன். தொட்டி நிரம்புகிறவரை அம்மா நின்றுகொண்டே இருந்தார்.